பட்டை எலும்பு நகர வேண்டும்: தோள் பலத்துக்கு வீட்டிலேயே செய்யும் பயிற்சிகள்

குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் பால் வெட்டும் ஒருவர் என்னிடம் வந்தார். ஐம்பது வயது தாண்டியவர். "கை மேல பொங்கல்லே சாரே, சட்டை போடவும் பாடா இருக்கு" என்றார். கை மேலே எழவில்லை என்கிறார். வலது தோளின் முன்பக்கத்தை அழுத்திக் காட்டி, நோவு இங்கேதான் என்றார். தைலம் தேய்த்திருக்கிறார், நாட்டு வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் போய்த் தடவியிருக்கிறார், பத்து நாள் வேலைக்குப் போகாமலும் இருந்து பார்த்திருக்கிறார். ஓய்வில் குறைந்த நோவு, கத்தியைக் கையில் எடுத்த மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டது.

சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு நான் அவருடைய முதுகுப் பக்கம் போய் நின்றேன். இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்கச் சொன்னேன். இறக்கும்போது வலது பக்கத்துப் பட்டை எலும்பின் கீழ் முனை, கோழி இறக்கையை விரிப்பதுபோல, முதுகை விட்டு வெளியே தள்ளி நின்றது. இடது பக்கம் அப்படி இல்லை. நோவு முன்னால் இருந்தாலும் நாங்கள் வேலை செய்ய வேண்டிய இடம் பின்னால் இருந்தது.

பிசியோதெரபிஸ்டாக நான் பார்க்கிற தோள் நோவுகளில் பலவற்றில் இந்தப் பின்பக்கத்தை யாரும் கவனித்திருப்பதில்லை. அதனால் இதை எழுதுகிறேன். ஜிம்முக்குப் போகாதவர்கள், உடற்பயிற்சி என்று எதையும் செய்து பழகாதவர்கள், ஆனால் கையை நம்பிப் பிழைப்பவர்கள், அவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எந்த எலும்பு, என்ன வேலை

நம் ஊரில் தோள்பட்டை என்றால் கை தொடங்குகிற இடம் முழுவதையும் சொல்வோம். இங்கே நான் பட்டை எலும்பு என்று சொல்வது முதுகின் மேல்பாதியில், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், ஏறத்தாழ இரண்டாவது விலாவிலிருந்து ஏழாவது விலா வரை படிந்திருக்கும் முக்கோண எலும்பை. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்தால் அதன் உள்விளிம்பு புடைத்துத் தெரியும்.

இந்த எலும்பு நெஞ்சுக்கூட்டோடு எலும்பு வழியாகத் தொடர்பு வைத்திருப்பது ஒரே ஒரு இடத்தில்தான்: காறை எலும்பின் வெளிமுனையில். மற்றபடி அது விலாக்கூட்டின் மேல் வழுக்கிக்கொண்டு கிடக்கிறது. அதைப் பிடித்து வைப்பதும் நகர்த்துவதும் தசைகள். ஒரு பட்டை எலும்பில் 17 தசைகள் வந்து ஒட்டுகின்றன. கட்டுமரத்தை நாலு பக்கமும் கயிறு போட்டு இழுத்து வைத்திருப்பதைப் போல. ஒரு கயிறு தளர்ந்தால் மரம் மற்ற பக்கம் சாயும்.

கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்குவது ஏறத்தாழ 180 பாகை. அதில் தோள் மூட்டு தருவது 120 பாகை. மிச்சம் 60 பாகையைத் தருவது பட்டை எலும்பு. அது விலாவின் மேல் சுழன்று, கை எலும்பு வந்து பொருந்தும் குழியை மேல்நோக்கித் திருப்பிக் கொடுக்கிறது. 1944இல் இன்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் அளந்து சொன்ன கணக்கு இது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனால் சேதி ஒன்றுதான்: பட்டை எலும்பு திரும்பாவிட்டால் கை மேலே போகாது, போனாலும் உரசிக்கொண்டு போகும்.

திருப்புகிற வேலையை முக்கியமாக இரண்டு தசைகள் செய்கின்றன. ஒன்று டிரபீசியஸ். பின்மண்டையில் தொடங்கி முதுகின் நடுப்பகுதி வரை இறங்கும் பெரிய விரிப்பு இது. மேல், நடு, கீழ் என்று மூன்று பகுதியாக வேலை செய்யும். இன்னொன்று செரேட்டஸ் ஆண்டீரியர். மேல் எட்டு ஒன்பது விலாக்களிலிருந்து மரம் அறுக்கும் வாளின் பல் போலப் புறப்பட்டு, அக்குளுக்கு அடியில் சுற்றி, பட்டை எலும்பின் உள்விளிம்பில் போய் ஒட்டுகிறது. எலும்பை விலாவோடு அணைத்துப் பிடிப்பது இதுதான். இது சோர்ந்தால்தான் நான் மேலே சொன்ன கோழி இறக்கை தெரியும். முதுகெலும்பையும் பட்டை எலும்பையும் இணைக்கும் ராம்பாய்டு தசைகள் எலும்பைப் பின்னால் இழுக்கும். முன்பக்கம் மார்புக்கு அடியில் பெக்டோராலிஸ் மைனர் என்று ஒன்று இருக்கிறது. நாள் முழுதும் குனிந்து வேலை செய்பவர்களுக்கு அது இறுகி, பட்டை எலும்பை முன்னால் கவிழ்த்துவிடும்.

பிடித்து வைக்காதீர்கள்

"தோளைப் பின்னால் இழுத்து, கீழே அமுக்கி, அப்படியே வைத்துக்கொள்" என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கனமான ஒன்றை இடுப்பு உயரத்தில் இழுக்கும்போது அது சரி. ஆனால் கையை மேலே தூக்கும்போது பட்டை எலும்பு மேலே சுழல வேண்டும், முன்னால் வழுக்க வேண்டும். அந்த நேரத்தில் கீழே அமுக்கிப் பிடித்தால் திரும்ப வேண்டிய எலும்பை நாமே கட்டிப்போடுகிறோம். மேல்கழுத்துத் தசை, அதாவது டிரபீசியஸின் மேல் பகுதி, வேலை செய்வதே தப்பு என்று பயந்துபோய் வருபவர்களும் உண்டு. அதுவும் திருப்புகிற தசைதான். பலம் என்பது எலும்பை அசையாமல் வைப்பதல்ல. போக வேண்டிய இடத்துக்குப் போய், அங்கே நின்று, அடக்கமாகத் திரும்பி வருவது.

இதனால்தான் நான் செயல்சார் பயிற்சியைச் சொல்லித்தருகிறேன். ஒரு தசையைத் தனியாகப் பிடித்து வேலை வாங்குவதைவிட, கால், இடுப்பு, முதுகு, பட்டை எலும்பு, கை எல்லாம் வரிசையாகச் சேருகிற அசைவுகளை, நாம் அன்றாடம் செய்கிற வேலையின் உருவத்திலேயே பழகுவது. கிணற்றில் தண்ணி கோருவது, குடம் சுமப்பது, மச்சில் சாமான் எடுத்து வைப்பது, ஒட்டடை அடிப்பது. இதற்கு வேண்டியது ஒரு சுவர், ஒரு துவர்த்து (துண்டு), ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, பிடி உள்ள ஒரு பக்கெட், பழைய சைக்கிள் டியூப் ஒன்று. கடையில் விற்கும் நீட்டுப் பட்டைகளும் நல்லவை. அவற்றில் பலவும் ரப்பர் பாலில் செய்தவைதான், நம் மரங்களில் வடிகிற அதே பால்.

தொடங்கும் முன்

விழுந்த பிறகு கை தூக்க முடியாமல் போனவர்கள், கை மரத்துப்போகிறது, விரலில் பிடி தளர்கிறது என்பவர்கள், இரவில் எப்படிப் படுத்தாலும் அடங்காத நோவு உள்ளவர்கள், நோவோடு காய்ச்சலோ காரணம் தெரியாத எடைக்குறைவோ உள்ளவர்கள், எல்லோரும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவமனையோ, எலும்பு மருத்துவர் பார்த்த பிறகு இந்தப் பயிற்சிக்கு வரலாம். இடது தோள் நோவோடு நெஞ்சில் அழுத்தம், வேர்வை, மூச்சுத்திணறல் வந்தால் தோள் என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருக்காதீர்கள், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. அவர்களுக்குத் தோள் மூட்டின் உறையே இறுகிப்போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 பாகை மடக்கி, வீட்டில் ஒருவரை முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். மற்ற கை திரும்புகிற அளவில் பாதி கூடத் திரும்பவில்லை என்றால் அது மூட்டு இறுக்கமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. சட்டை இல்லாமல், பெண்கள் முதுகு தெரியும் உடுப்போடு, வீட்டில் ஒருவரைப் பின்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். போனில் வீடியோ எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. இரண்டு கையிலும் ஒரு லிட்டர் பாட்டில். கட்டைவிரல் மேல்நோக்க, மூன்று எண்ணிக்கையில் முன்பக்கமாகத் தலைக்கு மேல் தூக்கி, மூன்று எண்ணிக்கையில் இறக்குங்கள். ஐந்து முறை. பக்கவாட்டிலும் ஐந்து முறை. பார்க்க வேண்டியது இறங்கும்போது: உள்விளிம்போ கீழ்முனையோ தள்ளிக்கொண்டு வருகிறதா, ஒரு பக்கம் தடக்கென்று விழுகிறதா, தூக்கும் தொடக்கத்திலேயே ஒரு தோள் காதை நோக்கி ஓடுகிறதா.

கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வேலை செய்கிற கையின் தோள் சற்றே தாழ்ந்திருப்பது சகஜம், நோவே இல்லாதவர்களிலும் பலருக்கு இந்த எலும்பு கொஞ்சம் ஏறுமாறாக அசையும். வீடியோவை வைத்துக்கொள்ளுங்கள், ஆறு வாரம் கழித்து ஒப்பிடலாம். ஆனால் எலும்பு திடீரென்று பெரிதாகத் தள்ளி நின்று, கையைத் தூக்கவே முடியவில்லை என்றால், செரேட்டஸுக்குப் போகும் நரம்பு அடிபட்டிருக்கலாம். மருத்துவரிடம் போங்கள்.

முதல் வாரம்: எலும்பைத் தெரிந்துகொள்வது

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள், கை தொடையின் மேல். வீட்டில் ஒருவர் உள்ளங்கையை உங்கள் வலது பட்டை எலும்பின் மேல் வைக்கட்டும். கையை அசைக்காமல், அந்த எலும்பை மட்டும் மேலே தூக்குங்கள், கீழே விடுங்கள். முன்னால் வழுக்குங்கள், பின்னால் இழுங்கள். பிறகு நாலையும் சேர்த்து மெதுவாக ஒரு வட்டம். பெரும்பாலானவர்களுக்கு முன்னும் மேலும் வரும், பின்னாலும் கீழேயும் போகச் சொன்னால் முதுகை வளைப்பார்கள் அல்லது மூச்சைப் பிடிப்பார்கள். தொட்டுக்கொண்டிருக்கிற கை அதைச் சொல்லிவிடும். ஒவ்வொரு பக்கமும் பத்து வட்டம், தினமும் இரண்டு நேரம். இதில் பலம் ஏறாது. ஆனால் இதைச் செய்யாமல் தாண்டிப் போனவர்கள் பின்னால் வருகிற எல்லாப் பயிற்சியையும் கையால் மட்டும் செய்வதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கூடவே முன்பக்க இறுக்கத்துக்கு ஒன்று: பாயில் மல்லாந்து படுத்து, சுருட்டிய துவர்த்தை முதுகெலும்பின் நீளவாக்கில் இரண்டு பட்டை எலும்புக்கும் நடுவே வைத்து, கைகளைப் பக்கவாட்டில் விரித்து இரண்டு நிமிடம் கிடங்கள். தோள்கள் தானாகத் தரையை நோக்கி இறங்கட்டும்.

சுவரில் தொடங்கி மேடைக்கு, மேடையிலிருந்து தரைக்கு

இரண்டாம் வாரம் செரேட்டஸுக்கு. சுவரைப் பார்த்து நில்லுங்கள், ஒரு கால் முன்னால். இரண்டு முன்கையும் சுவரில், முழங்கை தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, சுண்டுவிரல் பக்கம் சுவரில் படட்டும். சுவரை லேசாக அழுத்திக்கொண்டே, உடம்பின் எடையை முன்காலுக்கு மாற்றி, கைகளை மேலே வழுக்குங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் இன்னும் ஒரு அங்குலம் எட்டிப் பிடிக்கப் போவதுபோல நீளுங்கள். அந்தக் கடைசி ஒரு அங்குலம்தான் இந்தப் பயிற்சி. அக்குளுக்குக் கீழே விலாவின் பக்கத்தில் ஒரு இறுக்கம் தெரிய வேண்டும். தெரிந்தால் நீங்கள் அந்த வாள்பல் தசையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். பத்து முறை, ஒரு நிமிடம் ஓய்வு, இன்னொரு பத்து முறை.

அது வசப்பட்டதும் தள்ளுவது. சுவரிலிருந்து கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் அகலத்தில் சுவரில் வையுங்கள். முழங்கையை மடக்காமல், நெஞ்சு மட்டும் சுவரை நோக்கிச் சரியட்டும். பட்டை எலும்புகள் ஒன்றை ஒன்று நெருங்கும். பிறகு சுவரைத் தள்ளி, மேல்முதுகு உருண்டு பின்னால் போகிற வரை நீளுங்கள். இது எளிதானால் முழங்கையையும் மடக்கி முழுதாகத் தண்டால் போலச் செய்து, முடிவில் அந்தக் கூடுதல் தள்ளலைச் சேருங்கள். சுவரில் 15 முறை இரண்டு தடவை சிரமமில்லாமல் வந்தால் அடுக்களை மேடைக்கு வாருங்கள். மேடை நனைந்திருக்கக் கூடாது. மேடையும் எளிதானால் தரையில் முழங்கால் ஊன்றி. சிலம்பமும் அடிமுறையும் படித்த பையன்கள் தரையில் நூறு தண்டால் எடுப்பார்கள், ஆனால் அந்தக் கடைசித் தள்ளலைக் கேட்டால் பலருக்கு வராது. எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, அந்தத் தள்ளலைச் சேர்த்துச் செய்யச் சொல்வேன்.

இழுப்பது: கரமடி சொல்லித்தருகிற பாடம்

நம் கடற்கரையில் கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை, இழுப்பதை நின்று பார்த்திருக்கிறீர்களா? அனுபவம் உள்ளவர்கள் கையால் இழுக்க மாட்டார்கள். கயிற்றைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை மணலில் ஊன்றி, அடி அடியாகப் பின்னால் நடப்பார்கள். கை ஒரு கொக்கி மாதிரிதான், இழுப்பது காலும் இடுப்பும் முதுகும். அம்பா என்கிற வேலைப்பாட்டைப் பாடுகிற தாளத்தில் மூச்சு விடுவதும் இழுப்பதும் ஒன்றாகப் போகும். புதிதாக வருகிறவர் முழங்கையை மடக்கி மடக்கி இழுப்பார், கொஞ்ச நேரத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

வீட்டில் இதைச் சைக்கிள் டியூப்பால் பழகலாம். டியூப்பை வெட்டி நீளமாக்கி, ஜன்னல் கம்பியில் தொப்புள் உயரத்தில் இறுக்கமாக முடிச்சுப் போடுங்கள். கம்பி ஆடுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மறுமுனையை ஒரு கையில் பிடித்து, டியூப் லேசாக விறைக்கும் வரை பின்னால் வந்து, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நில்லுங்கள்.

கை நீண்டிருக்கும்போது டியூப் உங்கள் பட்டை எலும்பை முன்னால் இழுத்துக்கொள்ளட்டும், தடுக்காதீர்கள். இப்போது எடையைப் பின்காலுக்கு மாற்றுங்கள். பிறகு பட்டை எலும்பு பின்னால் வரட்டும். கடைசியாக முழங்கை. முழங்கை விலாவுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் தோள் முன்னால் கவிழும். ஒரு நொடி நின்று, மூன்று எண்ணிக்கையில் திரும்ப விடுங்கள். டியூப் உங்களை இழுத்துக்கொண்டு போகக் கூடாது, நீங்கள்தான் அதைக் கொண்டுபோய் விட வேண்டும். கை இறங்கும்போது தடக்கென்று விழுகிற எலும்புக்கு வேண்டிய அடக்கம் இந்தத் திரும்புகிற மூன்று நொடியில்தான் கிடைக்கிறது. பக்கத்துக்குப் பத்து, மூன்று தடவை.

வீட்டில் கிணறும் கப்பியும் இருந்தால் இன்னும் நல்லது. பாதி வாளித் தண்ணீர், கயிற்றை மேலிருந்து கீழே இழுக்கும்போது கையை முழுதாக மேலே போகவிட்டு, பட்டை எலும்பிலிருந்து இழுப்பைத் தொடங்குங்கள். மோட்டார் வந்த பிறகு நம் வீடுகளில் நின்றுபோன நல்ல பயிற்சி இது. செடிக்கு ஊற்றவாவது தினம் பத்து வாளி கோரிப் பாருங்கள்.

கீழ் டிரபீசியஸ்

இதை எழுப்புவது சிரமம், அதனால் தனியாகச் சொல்கிறேன். சுவரைப் பார்த்து ஒரு அடி தள்ளி நின்று, கைகளைத் தலைக்கு மேல் சற்று விரித்து, ஒய் எழுத்துப்போல, சுவரில் வையுங்கள். வயிற்றை லேசாக இறுக்கிக்கொண்டு, உள்ளங்கைகளைச் சுவரிலிருந்து இரண்டு விரல்கடை விலக்கி மூன்று நொடி நிறுத்துங்கள். இடுப்பு வளைந்தால் அது ஏமாற்று. எட்டு முறை போதும். பட்டை எலும்பின் உள்விளிம்புக்குக் கீழே, முதுகின் நடுவில் களைப்புத் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள்; கழுத்தில் மட்டும் தெரிந்தால் கைகளைக் கொஞ்சம் இறக்கிச் செய்யுங்கள். மூன்று வாரம் கழித்துப் பாயில் குப்புறப் படுத்து, நெற்றிக்கு மடித்த துவர்த்து வைத்து, கட்டைவிரல் மேல்நோக்க அதே அசைவு.

சுமப்பது, மேலே வைப்பது

நான்காம் வாரத்திலிருந்து பக்கெட்டை எடுங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர், அதாவது ஐந்து கிலோ, ஒரு கையில். இன்னொரு கை வெறுமனே. பக்கெட் இருக்கிற பக்கம் தோள் தொங்காமல், எதிர்ப்பக்கம் உடம்பு சாயாமல், முற்றத்தில் 30 நொடி நடந்து, கை மாற்றி இன்னொரு 30 நொடி. தண்ணீர் சிந்தாமல் நடக்க முயலுங்கள். சிந்தாத நடையில் உடம்பு தானாக ஒழுங்காகும். வாரம் ஒரு லிட்டர் கூட்டலாம்.

அடுத்து, தலைக்கு மேல். மூன்று உயரத்தில் தட்டு வேண்டும்: நெஞ்சு, கண், தலைக்கு மேல். ஒரு லிட்டர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கால் முன்வைத்து, மூச்சை விட்டுக்கொண்டே நெஞ்சு உயரத் தட்டில் வைத்து எடுங்கள். பத்து முறை சுகமாக வந்தால் அடுத்த தட்டு. பிறகு ஒரு கையால். அப்புறம் எடையைக் கூட்டி, மூன்று கிலோ அரிசிப் பை வரை. மேல் தட்டில் வைக்கும்போது தோள் காதை நோக்கி உயர்வதை அனுமதியுங்கள். அது உயர்ந்துதான் ஆக வேண்டும்.

கடைசியாகச் சேர்க்க வேண்டியது குறுக்குவாட்டு அசைவு. டியூப்பின் ஒரு முனையைக் கனமான கட்டில் காலில் தரையோரமாகக் கட்டி, அந்தக் கட்டில் கால் உங்கள் இடது பக்கம் இருக்க நில்லுங்கள். வலது கை இடது இடுப்பருகே டியூப்பைப் பிடிக்கட்டும். இடது காலிலிருந்து வலது காலுக்கு எடை மாற, இடுப்பு திரும்ப, கை வலப்பக்கம் மேலே விரியட்டும். மணக்குடிக் காயலில் வீச்சு வலை எறிபவர் உடம்பு திரும்புமே, அந்த வரிசை. எட்டு முறை, மெதுவாகத் திரும்பி வருவது முக்கியம். பக்கம் மாற்றி இன்னொரு எட்டு.

வேலைக்கு ஏற்ற மாற்றம்

பால் வெட்டுபவர்கள் விடியும் முன்னே தொடங்குகிறார்கள், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால். குளிரில், தூக்கம் கலையாத தசையோடு, 300 மரமும் அதற்கு மேலும் ஒரே கை ஒரே அசைவில். முதல் மரத்துக்கு முன்னால் அந்த மரத்திலேயே கையை ஊன்றிப் பத்துத் தள்ளல், பத்து வட்டம். இரண்டு நிமிடம் ஆகாது. மரத்தின் தாழ்ந்த பட்டையில் வெட்டும்போது கையை மட்டும் இழுக்காமல், முழங்காலைத் தளர்த்தி மரத்தைச் சுற்றிக் காலால் நகருங்கள். உயரப் பட்டையில் மேல்நோக்கி வெட்டும் காலத்தில் தோளுக்குப் பளு கூடும். அதற்கு ஆறு வாரம் முன்பே சுவர் வழுக்கலும் தட்டில் வைக்கும் பயிற்சியும் தொடங்கிவிட வேண்டும். முதலில் சொன்னவர் அப்படித்தான் செய்தார். அவருக்கு இரண்டு மாதத்தில் சட்டை போடுவது எளிதானது, கை முழுதாக மேலே போக மூன்று மாதமானது.

அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், உட்கார்ந்து பருப்பு உடைக்கும் அக்காமாருக்குப் பிரச்சினை வேறு: கை தோள் உயரத்துக்கு மேல் போவதே இல்லை. தலை குனிந்து, இரண்டு கையும் முன்னால், மணிக்கணக்கில். அவர்களுக்கு இழுக்கும் பயிற்சியும் துவர்த்தில் படுப்பதும் முதலில். மணிக்கு ஒருமுறை, உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டி ஐந்து மூச்சு. தையல் மெஷினில் இருப்பவர்களுக்கும் கம்ப்யூட்டரில் இருப்பவர்களுக்கும் இதேதான்.

எவ்வளவு, எத்தனை நாள்

முதல் வார அசைவுகளைத் தினமும் செய்யலாம். பலம் ஏற்றும் பயிற்சிகள் வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம்; ஒரு தள்ளல், ஒரு இழுப்பு, ஒரு சுமை போதும், அடுத்த நாள் மற்றவை. இருபது நிமிடத்தில் முடியும்.

நோவுக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள். பயிற்சியில் மூன்று வரை வரலாம், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் பயிற்சியை நிறுத்த வேண்டாம், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். தோளுக்கு முன்னால் குத்துவது போன்ற நோவு கூர்மையாக வந்தால் அந்த உயரத்துக்குக் கீழே செய்யுங்கள். எண்ணெய் தடவுவது சுகம் தரும். ஆசானிடம் தடவுவதை விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தடவினால் பலம் ஏறாது, தடவிய பிறகு கிடைக்கிற சுகமான நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள்.

முதல் மூன்று நான்கு வாரத்தில் வருகிற முன்னேற்றம் பெரும்பாலும் நரம்பு பழகுவதால் வருவது. அப்போது குணமாகிவிட்டது என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தசையே தடிக்க எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். ஆறாம் வாரம் பழைய வீடியோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதுவுமே மாறவில்லை, அல்லது நோவு கூடியிருக்கிறது என்றால் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் காட்டுங்கள். எந்தத் தசை வேலை செய்யவில்லை என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பன்னிரண்டு வாரம் முடிந்தவர்கள் மேடைத் தள்ளலையும் பக்கெட் நடையையும் மட்டும் வாரம் இரண்டு நாள் வைத்துக்கொண்டால் போதும். சைக்கிள் டியூப் நம் ஊர் வெயிலிலும் உப்புக்காற்றிலும் சீக்கிரம் வெடிப்பு விடும். மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் நீட்டிப் பாருங்கள். முடிச்சுப் பக்கம் கீறல் தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள், இழுக்கும்போது அறுந்தால் கண்ணில்தான் வந்து அடிக்கும்.